குவாரிக் குழியில் பூத்த தோட்டம்: ஜென்னி புட்சார்ட்

கல் குவாரியை நேர்ல பார்த்திருக்கீங்களா? ஜல்லி, எம்-சாண்ட், சிமெண்ட் எல்லாத்துக்கும் பின்னாடி எங்கேயோ ஒரு பெரிய குழி இருக்கு. கட்டடம் கட்டுறதைப் பத்தி நாலு வருஷம் படிக்கிறோம். கல் தீர்ந்த பிறகு அந்தக் குழி என்ன ஆகும்னு எப்பவாவது யோசிச்சோமா? நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் யோசிச்சார். அவர் எஞ்சினியர் இல்லை. அந்தக் குழியைத் தோண்டினவரோட மனைவி!

ஜென்னி 1866ல் கனடாவின் டொரன்டோவில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, ஓவன் சவுண்ட் என்ற ஊரில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். 1884ல் ராபர்ட் பிம் புட்சார்ட்டைத் திருமணம் செய்தார். ராபர்ட் சிமெண்ட் தொழிலதிபர். வான்கூவர் தீவில், விக்டோரியா நகருக்குப் பக்கத்தில் இருக்கும் டாட் இன்லெட்டில் நல்ல சுண்ணாம்புக்கல் இருந்தது. 1904ல் அங்கே ஆலை வந்தது, குடும்பமும் குடியேறியது.

1909 வாக்கில் வீட்டுக்குப் பக்கத்துக் குவாரியில் சுண்ணாம்புக்கல் தீர்ந்துபோனது. மிஞ்சினது என்ன தெரியுமா? ஏறத்தாழ 50 அடி ஆழக் குழி, செங்குத்தான பாறைச் சுவர், அடியில் கல் குப்பை, ஒரு பிடி மண் கிடையாது. அப்படியே விட்டுட்டுப் போறதுதான் அந்தக் காலத்து வழக்கம். ஜென்னிக்கு அப்படி விட மனசு வரலை.

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் நம்ம கண்ணால பாருங்க. முதல்ல மண். சுற்றியிருந்த பண்ணைகளிலிருந்து மேல்மண்ணைக் குதிரை வண்டியில் டன் கணக்கில் கொண்டுவந்து குழியின் தரையில் பரப்பினார். அடுத்தது கழிவுக்கல். அதை வெளியே அள்ளிக் கொட்டாமல், உள்ளேயே மேடுகளாகக் குவித்து, படிப்படியாகச் செடி வைத்தார். மூணாவது தண்ணீர். ஆழமான பகுதியில் நீரைத் தேக்கி ஏரியாக்கினார்.

கடைசியா, ரொம்பக் கஷ்டமான பாறைச் சுவர். செங்குத்துச் சரிவில் மண் கொட்டினா நிக்காது, முதல் மழையிலேயே வழிஞ்சு கீழே வந்துடும். அதனால கயிற்றில் கட்டிய பலகையில் உட்கார்ந்து தானே சுவரோரமாகத் தொங்கியபடி இறங்கினார். கிடைத்த விரிசல்களில் எல்லாம் ஐவி கொடியைச் செருகினார். மண் போட முடியாத இடத்துக்கு, விரிசல்லயே வேர் பிடிக்கிற செடி. இன்னிக்கும் பாறைச் சரிவைப் பசுமையாக்க இதுதான் அடிப்படை. ஒரே ஒரு திருத்தம்: அங்கே இப்போ ஐவியை ஆக்கிரமிப்புச் செடியாகப் பார்க்கிறாங்க. நாம செய்தா மண்ணுக்குரிய செடியைத்தான் தேர்ந்தெடுக்கணும்.

1921ல் அந்தத் தாழ்நிலைத் தோட்டம் முழுமை பெற்றது. பார்க்க வந்தவர்களுக்கு ஜென்னி தேநீர் கொடுத்து உபசரித்தார். வீட்டுக்கு வைத்த பேர் 'பென்வெனுட்டோ', இத்தாலிய மொழியில் 'நல்வரவு'. 1939ல் தோட்டத்தைப் பேரன் இயன் ராஸிடம் ஒப்படைத்தார்கள். ராபர்ட் 1943லும், ஜென்னி 1950லும் காலமானார்கள். 2004ல் கனடா அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. பழைய ஆலையின் புகைபோக்கி ஒன்று இன்னமும் அங்கே நிற்கிறது.

ஒண்ணை மட்டும் மறந்துடாதீங்க. இதெல்லாம் ஒருத்தர் கையால நடந்ததில்லை. ஆலைத் தொழிலாளர்களும் தோட்டத்தில் உழைத்தார்கள். டாட் இன்லெட்டில் சீனத் தொழிலாளர்களும், நம்ம நாட்டிலிருந்து போன சீக்கியர்களும் இருந்தார்கள். பூக்களைப் பார்க்க வருகிறவர்களில் பலருக்கு அவர்களைப் பற்றித் தெரியாது.

இன்னொண்ணு. ஜென்னிக்குப் பணம் இருந்தது, ஆலையின் ஆட்கள் இருந்தார்கள், வீட்டுப் பக்கத்திலேயே குழியும் இருந்தது. எல்லாக் குவாரிக்கும் இப்படி ஒரு ஜென்னி கிடைக்க மாட்டாங்க. அவர் கொண்டுவந்த மண்ணும் வேறு யாரோ நிலத்தின் மேல்மண்தான். முதல் வெடி வைக்கும் முன்னாடியே மேல்மண்ணைத் தனியா எடுத்து வெச்சு, சரிவை எந்தக் கோணத்தில் விடணும், மழைநீர் எங்கே போகணும்னு திட்டம் போட்டிருந்தா வேலை எவ்வளவு சுலபம்!

நாளைக்கு நம்மில் சிலர் சுரங்கத்திலும் சிமெண்ட் ஆலையிலும் வேலைக்குப் போவோம். அங்கே வரைபடத்தை விரிக்கும்போது, தோண்டும் ஆழத்தோடு சேர்த்து இதையும் கேளுங்க: எல்லாம் முடிஞ்ச பிறகு இங்கே என்ன வளரும்?