உதய் சங்கர்

மேடையேறிய காலத்தில் உதய் சங்கர் எந்த ஆசானிடமும் முறையாக நடனம் பயின்றிருக்கவில்லை. ஆயினும், இந்திய நடனத்தை உலக அரங்குகளுக்குக் கொண்டு சென்ற முன்னோடிகளுள் அவர் முதன்மையானவர். வங்காளக் குடும்பத்தைச் சேர்ந்த இவர், 1900ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் இராஜஸ்தானின் உதய்ப்பூரில் பிறந்தார். சித்தார் மேதை ரவி சங்கர் இவருடைய கடைசித் தம்பி.

ஓவியராக வேண்டும் என்பதே உதய் சங்கரின் விருப்பம். மும்பையில் ஓவியம் பயின்ற பின், 1920இல் இலண்டன் அரச கலைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவரது ஆட்டத்தைக் கண்டவர், உலகப் புகழ்பெற்ற ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவா. 1923இல் பாவ்லோவா இராதையாகவும் உதய் சங்கர் கண்ணனாகவும் இலண்டன் மேடையில் தோன்றினர். தூரிகை பிடித்த கைகள் முத்திரை பிடிக்கத் தொடங்கின.

பாவ்லோவாவின் குழுவை விட்டுப் பிரிந்ததும் வறுமை சூழ்ந்தது. பாரிஸ் நகரத்து இரவு விடுதிகளில் ஆடிப் பிழைத்தார். பின்னர், சுவிஸ் நாட்டுச் சிற்பி அலிஸ் போனரின் துணையுடன் இந்தியா முழுவதும் சுற்றினார். கோயில் சிற்பங்களையும் கிராமத்து ஆட்டங்களையும் உற்று நோக்கினார். பல வகை இசைக்கருவிகளைச் சேகரித்தார். தம் குடும்பத்தினரையும் கலைஞர்களாகக் கொண்டு, 1931 மார்ச்சில் பாரிஸில் குழுவின் முதல் நிகழ்ச்சியைப் படைத்தார். குழுவில் பத்து வயதுச் சிறுவன் ரவியும் இருந்தான்.

அக்காலத்தில் ஆசிய, ஆப்பிரிக்க ஆட்டங்களை மேலைநாட்டார் பெரும்பாலும் வேடிக்கைப் பொருளாகவே பார்த்தனர். அந்தப் பார்வையை மாற்ற முயன்றவர் உதய் சங்கர் மட்டுமல்லர். சியரா லியோனில் பிறந்த அசாதாத்தா டஃபோரா, 1934இல் நியூயார்க்கில் ஆப்பிரிக்க ஆட்டத்தையும் பறையொலியையும் இணைத்து முழு நாட்டிய நாடகமாக மேடையேற்றினார்.

எந்த மரபிலும் சேராத ஆட்டம் என்று சிலர் உதய் சங்கரைக் குறை கூறினர். அந்தக் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. அவரோ மரபுகளை ஒதுக்கவில்லை. 1930களின் இறுதியில் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் கலை மையம் ஒன்றை நிறுவினார். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, பரதத்திற்குத் தமிழகத்தின் கந்தப்பா பிள்ளை, மணிப்புரிக்கு அமோபி சிங், இசைக்கு அலாவுதீன் கான் எனப் பேராசான்களை அழைத்துவந்தார். மாணவர்கள் மரபைக் கற்றனர். பின்பு தாமே புதிய அசைவுகளை உருவாக்கவும் பழகினர். பெரிய திரைக்குப் பின்னால் ஆடி, நிழல்களாலேயே இராமாயணம் காட்டினர். மற்றொரு படைப்பில் மனித உடல்களே இயந்திரங்களாகச் சுழன்றன. தொழிலாளியின் வாழ்வையும் நடனம் பேச முடியும் என்பது அன்று பலருக்கும் புதுமை!

இரண்டாம் உலகப் போரின்போது பணமின்றி மையம் மூடப்பட்டது. ஆடி முடித்ததும் நடனம் மறைந்துவிடும். படச்சுருளில் பதிந்தால் நிலைக்கும். இவ்வாறு எண்ணிய உதய் சங்கர், சென்னை ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தில் 'கல்பனா' என்னும் திரைப்படத்தை இயக்கினார். கலை மையம் ஒன்றை அமைக்கப் போராடும் நடனக் கலைஞனின் கதை அது. மனைவி அமலாவுடன் தாமே நடித்தார். பின்னாளில் தமிழ்த் திரையில் நாட்டியப் பேரொளியாகத் திகழ்ந்த பத்மினிக்கு இதுவே முதல் படம்.

1948இல் ஜெமினியின் 'சந்திரலேகா' முரசு நடனத்தால் மக்களை மயக்கி வசூலைக் குவித்தது. அதே ஆண்டு வெளிவந்த 'கல்பனா' தோல்வியுற்றது. உதய் சங்கர் அப்போதைக்கு மீண்டும் மையம் அமைக்கும் வசதியை இழந்தார். எனினும், எழுபது வயதிலும் திரைப்படத்தையும் மேடை நடிப்பையும் இணைக்கும் புதிய காட்சி முறையைக் கொல்கத்தாவில் சோதித்துக்கொண்டிருந்தார். 1971இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1977 செப்டம்பர் 26ஆம் நாள் காலமானார்.

சிதைந்திருந்த 'கல்பனா' படச்சுருள் பின்னாளில் சீரமைக்கப்பட்டு, 2012இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. தொண்ணூறு வயதைக் கடந்திருந்த அமலா நேரில் சென்று அந்த விழாவில் கலந்துகொண்டார்.