எஞ்சின் இல்லாமல் பறக்கவிட்டவர்

ரிமோட்டில் ஓட்டும் மாடல் ஜெட்டை ஏற்றுவதைவிட இறக்குவதற்குத்தான் பயம். வேகம் குறைந்தால் இறக்கையின் தூக்குவிசையும் குறைந்துவிடும். இதற்கு வழி பார்த்தவர் கர்ட் டாங்க்.

1898-ல் பிறந்த ஜெர்மானியர், வடிவமைப்பாளர், விமானியும்கூட. ஹிட்லரின் விமானப்படை ஓட்டிய ஃபோக்கே-வுல்ஃப் 190 அவர் வடிவமைத்ததே. போருக்குப்பின் அர்ஜென்டினா போனார். 1956-ல் பெங்களூர் வந்து நம் நாட்டின் முதல் போர் ஜெட்டான மாருத்தை வடிவமைத்தார்.

பின்சாய்ந்த இறக்கை வேகத்துக்கு நல்லது. மெதுவாகப் போனால் தடுமாறும். அதனால் ஜெட்டுக்கு முன்னால், அதே அளவில் மரத்திலேயே ஒரு கிளைடர் செய்தார்கள். டகோட்டா விமானம் அதை மேலே இழுத்துப்போய் விடும். ஃபிளாப்பை இறக்கினால் குறைந்த வேகத்திலும் தூக்குவிசை கிடைக்கும்; ஏர்பிரேக்கை விரித்தால் வேகம் அடங்கும். இப்படி 1959 முதல் 86 தடவை பறந்து பார்த்தார்கள். கடைசியில் முன்சக்கரம் இறங்காமல் கிளைடர் சேதமானது. அதற்குள் வேண்டிய பாடம் கிடைத்துவிட்டது.

1961 ஜூன் 17-ல் மாருத் பறந்தது. நினைத்த எஞ்சின் மட்டும் கடைசிவரை கிடைக்கவேயில்லை. ஆனாலும் 1971 போரில் மாருத் களம் கண்டது. டாங்க் 1983-ல் மறைந்தார்.

நண்பர்களே, பெரிய மோட்டாருக்குக் காசு சேர்க்குமுன், நம் மாடலைக் கையால் வீசி மெதுவாக இறங்குகிறதா என்று பார்ப்போம். காசும் மிச்சம், இறக்கையும் மிச்சம்!