தாழ்ப்பாளைத் திறந்தவர் – ஜொக் ஸ்டீன்

உதைபந்தாட்டத்தை விரும்பாத மாணவர் நம்மிடையே மிகச் சிலரே. பணம் படைத்த கழகமே வெல்லும் என்னும் எண்ணமும் அவர்களிடையே வேரூன்றி வருகின்றது. அவ்வெண்ணத்தை மாற்றக்கூடிய ஒருவரின் வாழ்வை இங்கு எழுதுகின்றோம்.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு அண்மையில், பேர்ன்பாங்க் என்னும் ஊரிலே, 1922 ஒக்ரோபர் 5 ஆம் நாள் ஜொக் ஸ்டீன் பிறந்தார். தந்தையார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பதின்ம வயதிலேயே மைந்தரும் சுரங்கத்தில் இறங்கினார். 1942 இல் அல்பியன் ரோவர்ஸ் என்னும் சிறு கழகத்திற் சேர்ந்த பின்னரும் வாரநாட்களில் நிலத்தின் கீழே உழைத்தார், சனிக்கிழமைகளில் பந்தாடினார்.

பின்னர் வேல்சில் ஆடிக்கொண்டிருந்த அவரை, 1951 இன் இறுதியில் கிளாஸ்கோவின் செல்ரிக் கழகம் அழைத்தது. முதலணிக்கன்று, இரண்டாம் அணி இளைஞர்களுக்குத் துணையாகவே அழைத்தது. அதனை ஏற்பதற்கும் துணிவு வேண்டியிருந்தது. பஞ்சத்தாலும் வறுமையாலும் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்க மக்களின் பசி தீர்க்கப் பணம் திரட்டவென, 1887 இல் வோல்பிரிட் என்னும் துறவி தொடக்கிய கழகம் அது. ஸ்டீனோ புரட்டஸ்தாந்துக் குடும்பத்தவர். மதப் பிரிவு அந்நகர மக்களைப் பிரித்து வைத்திருந்தது. செல்ரிக்கிற் சேர்ந்தமையால் பழைய நண்பர் சிலரை அவர் இழந்தார்; ஆயினும் பின்வாங்கவில்லை. விரைவில் முதலணியின் தலைவரானார். 1954 இல் அவ்வணி லீக் பட்டத்தையும் ஸ்கொட்டிஷ் கிண்ணத்தையும் ஒருங்கே வென்றது.

கணுக்காற் காயம் அவருடைய ஆட்டத்தை நிறுத்தியது. பயிற்றுவிப்பாளரான ஸ்டீன், 1960 இல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவிருந்த டன்பேர்ம்லின் கழகத்தை ஏற்றுக் காப்பாற்றினார். மறு ஆண்டே அச்சிறு கழகம் ஸ்கொட்டிஷ் கிண்ணத்தை வென்றது. இறுதிப் போட்டியில் அதனிடம் தோற்றது செல்ரிக்! 1965 இல் அதே செல்ரிக் அவரைத் தன் முகாமையாளராக்கியது. கத்தோலிக்கர் அல்லாத ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதன்முறை.

1967 மே 25 ஆம் நாள், லிஸ்பன் நகரில் ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டி நடைபெற்றது. எதிரணி, எண்ணெய்த் தொழிலதிபர் ஒருவரின் செல்வம் பின்னின்ற இன்ரர் மிலான். 1964, 1965 ஆம் ஆண்டுகளில் அக்கிண்ணத்தை வென்ற அணி. ஒரு கோல் அடித்துவிட்டு, எவரையும் நெருங்கவிடாமல் காத்து வெல்வது அதன் முறை. அம்முறைக்கு இத்தாலிய மொழியில் தாழ்ப்பாள் என்றே பெயர். செல்ரிக் வீரர் பதினொருவரும் கிளாஸ்கோவிலிருந்து 30 மைல் தூரத்துக்குள் பிறந்தவர்கள்.

ஏழாம் நிமிடத்தில் தண்ட உதையால் இன்ரர் முந்தியது, தாழ்ப்பாளும் விழுந்தது. ஸ்டீன் தம் வீரர்க்குக் கற்பித்திருந்ததோ இடைவிடாத தாக்குதல். முன்கள வீரர்கள் இடம் மாறி ஓடித் தம்மைக் காத்து நின்றோரை இழுத்துச் சென்றனர். அவ்வெளியிற் பின்கள வீரர்கள் புகுந்தனர். இருமுறை பந்து குறுக்குச் சட்டத்தில் மோதித் திரும்பியது. 63 ஆம் நிமிடத்தில், வலப்புறப் பின்கள வீரர் கிரெய்க் கொடுத்த பந்தை இடப்புறப் பின்கள வீரர் ஜெமல் கோலாக்கினார். காவல் நிற்கவேண்டிய இருவரும் எதிரியின் வாயிலில் நின்றனர்! ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் சாமேர்ஸ் இரண்டாவது கோலைப் போட்டார். அக்கிண்ணத்தை வென்ற முதற் பிரித்தானியக் கழகம் செல்ரிக்கே.

அத்துணிவு எப்போதும் வெற்றி தரவில்லை. 1970 இறுதிப் போட்டியில் ஒல்லாந்தின் பெயனோர்ட் கழகத்திடம் செல்ரிக் தோற்றது. எனினும் 1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது முறை ஸ்கொட்லாந்தின் லீக் பட்டம் அதனிடமே இருந்தது. பின்னர் தேசிய அணியின் முகாமையாளராயிருந்த ஸ்டீன், 1985 செப்ரெம்பர் 10 ஆம் நாள், கார்டிவ் நகரில் வேல்சுக்கு எதிரான ஆட்டம் முடியும் தறுவாயில் களத்தின் ஓரத்திலே சாய்ந்து, சிறிது நேரத்தில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 62.

மாணவச் செல்வங்களே, லிஸ்பனில் வென்றவர்களுட் பெரும்பாலோர் ஸ்டீன் வருமுன்னரே அக்கழகத்தில் இருந்தவர்கள். அஞ்சாமல் முன்னேறி ஆடக் கற்றதொன்றே அவர்கள் புதிதாய்ப் பெற்ற செல்வம். பெற்றோராகிய நாமும் ஒன்றை நினைவிற் கொள்வோம். ஊர்விட்டு வந்தோர் தம் பிள்ளைகளின் பசிக்கென அமைத்த கழகத்தை ஐரோப்பாவின் உச்சிக்கு உயர்த்தியவர், அவர்களுள் ஒருவர் அல்லர். மதில் கடந்து வந்து அவர்களோடு நின்றவர்.