தேசாதிபதியின் இரு மனைகள்

சில ஆண்டுகளுக்கு முன் எம் கல்லூரி மாணவர் சிலரை நுவரெலியாவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கிராண்ட் ஹோட்டலின் பூந்தோட்டத்தருகே நின்றபோது, இம்மாளிகையை முதலிற் கட்டுவித்தவர் யாவர் என்று ஒருவன் வினவினான். சேர் எட்வேட் பார்ன்ஸ் என்றேன். அப்பெயரை அவர்களுள் ஒருவரும் அறிந்திலர். ஆதலின் அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் நலமெனக் கருதுகின்றேன்.

பார்ன்ஸ் 1776இற் பிறந்தவர், போர்த்தொழிலில் வளர்ந்தவர். 1815இல் வாட்டர்லூப் போரிலே காயமுற்றார். 1820 முதல் 1822 வரை இலங்கையிற் பதில் தேசாதிபதியாகவும், 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாகவும் ஆட்சி புரிந்தார்.

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. எனினும் 1818 வரை அங்கே கிளர்ச்சி ஓயவில்லை. மலைநாட்டை அடக்கி ஆளக் கோட்டைகளினும் வீதிகளே வலியன என்று பார்ன்ஸ் தேர்ந்தார். கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி அமைந்தது. கடுகண்ணாவையிற் பாறை குடையப்பட்டது. 1832இல் அவ்வழியே தபால் வண்டி ஓடிற்று. கன்னொறுவையில் அவரே கோப்பி பயிரிட்டுப் பிறர்க்கும் வழிகாட்டினார். பிற்காலத்தில் அக்கோப்பித் தோட்டங்களை நாடியே தென்னிந்தியத் தமிழர் பல்லாயிரவர் கால்நடையாக மலையேறினர்.

அவர் வாழ்ந்த மனைகள் இரண்டு இன்று ஹோட்டல்களாய் விளங்குகின்றன. ஒன்று, பார்ன்ஸ் ஹோல் எனப் பெயர்பெற்றிருந்த நுவரெலியா மாளிகை. மற்றொன்று கல்கிசைக் கடற்கரையில் உள்ளது. அங்கே முதலில் மனை அமைத்தவர் தேசாதிபதி மெயிற்லண்ட். பார்ன்ஸ் அதனைப் பெருமாளிகையாக விரித்தெழுப்பினார். செலவு மிகுதியென்று இலண்டன் மேலிடத்தார் இசைந்திலர். காலப்போக்கில் அது பிறர் கைக்கு மாறிற்று. புகையிரதப் பாதை அப்பகுதிக்கு வந்த 1877ஆம் ஆண்டளவில் மவுண்ட் லவினியா ஹோட்டலாயிற்று. அங்குத் தங்குவோர் மெயிற்லண்டும் நடனமாதும் கொண்ட காதற்கதையையே விரும்பிக் கேட்கின்றனர். பார்ன்சை நினைவார் சிலரே.

ஆயினும் பார்ன்சின் புகழை நிறுக்கும்போது தராசின் மறுதட்டையும் நோக்குதல் வேண்டும். வீதிகளை அமைத்தவர் கூலிபெற்ற தொழிலாளர் மட்டுமல்லர். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் இழுத்துவரப்பட்ட குடிமக்கள் அவர்களுட் பெரும்பகுதியினர். கோப்பித் தோட்டத்தில் உழைத்தார்க்கு அவ்வூழியத்தினின்று விலக்களித்த அதே பார்ன்ஸ், ஏனையோர்க்கு அதனை நீக்க இசைந்திலர். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்பின்படி 1832இல் அது ஒழிக்கப்பட்டபோது அவர் இத்தீவை விட்டு நீங்கியிருந்தார். இந்தியாவிற் சேனாதிபதியாய்ச் சிலகாலம் இருந்து, 1838இற் காலமானார்.

கொழும்பிலே அவருக்குச் சிலையுண்டு. வீதித் தூரங்களை அங்கிருந்தே அளப்பர். பொறியியலாளர் டோசனுக்குக் கடுகண்ணாவையிற் கோபுரமுண்டு. கல்லுடைத்தார்க்கோ ஒரு நடுகல்லும் இல்லை.

திரும்பும்போது கடுகண்ணாவையில் வண்டியை நிறுத்துவித்தேன். மாணவர் இறங்கி, அக்குடைந்த பாறையைக் கையால் தடவிப் பார்த்தனர். ஹோட்டல் வாயிலிற் கேட்ட வினாவுக்குரிய விடையின் மறுபாதி அங்கேதான் இருந்தது.