அமைதியை விளையாட்டாக்கிய அம்மையார்

வகுப்பிலே அமைதி நிலவ வேண்டும் என்று விரும்பாத ஆசிரியை இல்லை. ஆனால் பிரம்பைக் காட்டிப் பெறும் அமைதி, ஆசிரியை வாயிற்படியைத் தாண்டியதும் கலைந்துவிடும். குழந்தைகள் தாமே விரும்பி ஏற்கும் அமைதியும் உண்டு என்று உலகுக்குக் காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

இத்தாலி நாட்டில் 1870 ஆகஸ்ட் 31-ம் நாள் பிறந்த இவர், பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், 1896-ல் ரோமாபுரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907 ஜனவரி 6-ம் நாள், மூன்று இராஜாக்கள் திருநாளன்று, அந்நகரின் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்து, குடியிருப்பின் சுவர்களைப் பாழாக்கிய சிறுவர் சிறுமியரே அங்கு வந்து சேர்ந்தனர்.

ஒருநாள் அம்மையார் நான்கு மாதக் குழந்தை ஒன்றைக் கையில் ஏந்தி வகுப்புக்குள் வந்தார். அது கால்களை அசைக்காமல், மூச்சும் கேளாதபடி இருப்பதைச் சுட்டிக்காட்டி, அதுபோல் யாரால் இருக்க முடியும் என்று வேடிக்கையாகக் கேட்டார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கால்களைச் சேர்த்து வைத்தனர்; மூச்சையும் மெல்ல விட்டனர். அதுவரை யார் காதிலும் விழாத கடிகாரத்தின் ஓசை அப்போது தெளிவாகக் கேட்டது!

இதுவே பின்னர் மௌன விளையாட்டாயிற்று. பிள்ளைகள் ஓசையின்றி அமர்ந்திருக்க, அம்மையார் தொலைவிலிருந்து ஒவ்வொருவர் பெயரையும் மெல்லிய குரலில் அழைப்பார். அழைக்கப்பட்ட பிள்ளை நாற்காலியில் இடிக்காமல், அடிமேல் அடிவைத்து வரும். பரிசாக மிட்டாய் தருவதாகச் சொல்லியும் பிள்ளைகள் வேண்டாமென்று மறுத்துவிட்டனர். அமைதியே அவர்களுக்கு இனித்தது. தண்ணீர் நிறைந்த குவளையைச் சிந்தாமல் ஏந்தி, தரையில் வரைந்த கோட்டின்மேல் நடக்கும் பயிற்சியும் இத்தகையதே. தன் கையையும் காலையும் ஆளத் தெரிந்த குழந்தைக்குக் கண்டிப்பு மிகுதியாகத் தேவைப்படாது என்பதை அம்மையார் கண்டார்.

முசோலினி அரசுடன் ஒத்துப்போக இயலாமல் 1934-ல் தாய்நாட்டைவிட்டு வெளியேறிய அம்மையார், 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். 1952 மே 6-ம் நாள் ஹாலந்து நாட்டில் காலமானார்.

மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சிகளை இன்று பல பள்ளிகள் சிறு பிள்ளைகளுக்கு அளித்து வருகின்றன. அன்புத் தங்கையரே, அடுத்த மணி அடித்ததும், யாரும் சொல்லாமலே ஒரு நிமிடம் அமைதியாக இருந்து பாருங்கள். மரத்திலுள்ள குருவியின் குரலும் கேட்கும். உங்கள் உள்ளத்தின் குரலும் கேட்கும்.