பாட்டும் கஞ்சியும் தந்த முன்சீப்



ஞாயிறு பூசையில் பாடகர் குழுவினர் பாடத் தொடங்கும்போது, நம்மில் எத்தனை பேர் வாய் திறந்து அவர்களோடு சேர்ந்து பாடுகிறோம்? எனக்குக் குரல் இல்லை, ராகம் தெரியாது, அது பாடகர்களின் வேலை என்று பேசாமல் நின்றுவிடுகிறோம் அல்லவா? பாடகர்களும் சில வேளைகளில் ஜனங்கள் எட்ட முடியாத சுருதியில் பாடிக்கொண்டு போய்விடுகிறார்கள். கோவிலில் பாட்டு யாருக்காக, எதற்காக என்று இரு சாராரும் யோசித்துப் பார்க்கும்படி, நம் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்த ஒரு பெரியவரின் சரித்திரத்தை இன்று சொல்லுகிறோம். அவர்தாம் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

பிரதாப முதலியார் சரித்திரம் என்னும் தமிழின் முதல் நாவலை 1879-ல் வெளியிட்டவர் என்று அவரைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் பாட்டுக்காரர் என்பது அநேகருக்குத் தெரியாது.

திருச்சிராப்பள்ளிக்கு அருகில் உள்ள குளத்தூரில், 1826-ம் ஆண்டு அக்டோபர் 11-ம் நாள், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தியாகப் பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். கோர்ட்டில் பத்திரங்களைக் காக்கும் வேலையில் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, பின்பு முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி ஆகிய ஊர்களில் நீதி வழங்கிவிட்டு மாயூரம் வந்து சேர்ந்தார். அங்கே பல ஆண்டுகள் இருந்தபடியால் அந்த ஊரின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அக்காலத்து மாயூரம் தமிழும் சங்கீதமும் குடியிருந்த ஊர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அங்கே வாழ்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அங்கே சில காலம் இருந்து மாணாக்கர்களுக்குப் பாடம் சொன்னார். இருவரும் சைவர்கள், நம்மவரோ கத்தோலிக்கர். ஆயினும் நெருங்கிய சிநேகிதர்களாய் இருந்தார்கள். மகாவித்துவான் தம் நண்பர்மேல் குளத்துக் கோவை என்ற நூலே பாடினார்.

அந்நாளில் சங்கீதக் கச்சேரிகளில் பெரும்பாலும் தெலுங்குப் பாட்டுகளே ஒலித்தன. நம் கோவில்களிலோ பூசை லத்தீனில் நடந்தது. தமிழ்ப் பாட்டுக்குத் தேர்பவனியும் நவநாளும் வீட்டு ஜெபமுமே இடம் கொடுத்தன. இப்படிப்பட்ட காலத்தில், எளிய தமிழில், ராகமும் தாளமும் அமைத்து, சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை அவர் இயற்றி 1878-ல் வெளியிட்டார். எந்த மதத்தாரும் தயக்கமின்றிப் பாடும்படி ஏக கடவுளைத் துதிக்கும் பாட்டுகள் அவை. அதோடு நிற்கவில்லை. குடும்பத்தில் நடக்க வேண்டிய முறையையும், உத்தியோகஸ்தர்கள் காக்க வேண்டிய நேர்மையையும் கீர்த்தனையாகவே பாடினார்.

கீர்த்தனை என்பது எப்படிப்பட்ட பாட்டு என்று கவனியுங்கள். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று மூன்று அங்கம். தேர்ந்தவர் சரணத்தைப் பாடுவார். ஒவ்வொரு சரணமும் முடிந்தவுடன் பாட்டு பல்லவிக்குத் திரும்பி வரும். இரண்டு முறை கேட்டால், எழுத்தறியாத பாட்டியும் பல்லவியை எடுத்துப் பாடலாம். முன்னின்று பாடுகிறவருக்கும் வேலை உண்டு, ஜனங்களுக்கும் பங்கு உண்டு. பாட்டை நடத்துகிறவர் மனதில் வைக்க வேண்டியது இந்த ஏற்பாடுதான்.

இனி அவருடைய வாழ்க்கையின் சோதனைக் காலத்துக்கு வருவோம். 1872-ல் அவர் உத்தியோகத்தை விட்டார். சில ஆண்டுகளில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைக் கொடிய பஞ்சம் பிடித்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். கைவிடப்பட்ட குழந்தைகளும் எலும்பும் தோலுமான தாய்மாரும் ஊர் ஊராய் அலைந்தார்கள். வேதநாயகம் பிள்ளை பஞ்சம் தீரும்படி கடவுளை நோக்கிக் கீர்த்தனைகள் பாடினார். பாடிவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டாரா? இல்லை. தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி வைத்து, பசித்து வந்தவர்களுக்கு ஊற்றினார். அதைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார், இந்தக் கிறிஸ்தவரின் தருமத்தைப் புகழ்ந்து பாடினார். ராகம் அறிந்த பெரியவர் ஒருவர் அவரைப் பாராட்டியது ராகத்துக்காக அல்ல, கஞ்சிக்காக என்பதை மறக்க வேண்டாம்.

நம் வேதத்துக்கென்றே அவர் இயற்றிய சத்திய வேதக் கீர்த்தனை 1889-ல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலை 21-ம் நாள் அவர் காலமானார். 1963-ல் வத்திக்கான் சங்கம் அந்தந்த நாட்டு மொழிக்குத் திருவழிபாட்டில் இடம் தந்தது. அதன்பின் தமிழ்ப் பாட்டு பவனியிலிருந்து பீடத்தின் அருகே வந்து சேர்ந்தது. அவர் காணாத பாக்கியத்தை நாம் வாரந்தோறும் காண்கிறோம். நமக்குப் பக்கத்திலுள்ள மயிலாப்பூர் சபைகளில் அவருடைய கீர்த்தனைகள் பாடப்படும்போது, அவர் ஒரு கத்தோலிக்கர் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பாடகர் குழுவை நடத்தும் சகோதர சகோதரிகளே, ஜனங்களுக்குப் பல்லவியை விட்டுக்கொடுங்கள். பெஞ்சுகளில் நிற்கும் பெற்றோரே, குரலைப் பற்றி வெட்கப்படாமல் அதை எடுத்துப் பாடுங்கள். பூசை முடிந்து வாசலைத் தாண்டும்போது, அங்கே கையேந்தி உட்கார்ந்திருப்பவரையும் நாம் எல்லோரும் கண் திறந்து பார்ப்போமாக. மாயூரத்து முன்சீப்பின் பாட்டு அங்கேதான் நிறைவு பெற்றது.