டிக்கெட் எடுத்து பஸ்ஸில் போன முன்னாள் அமைச்சர் கக்கன்

புக்கிட் ரோத்தானிலிருந்து கோல சிலாங்கூருக்கு பஸ் ஏறிப் பழகிய நம் மூத்தவர்களுக்குக் கண்டக்டரின் தோல்பை நினைவிருக்கும். டிக்கெட் கிழிக்காமல் காசு வாங்குவதும், தெரிந்தவர் என்று சும்மா ஏற்றிக்கொள்வதும் எந்த ஊர் பஸ்ஸிலும் சின்ன விஷயமாகவே தெரியும். தட்டிக்கேட்கும் செக்கருக்குத்தான் கெட்ட பெயர். விதியைக் காப்பவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதை அமரர் பி. கக்கனின் வாழ்க்கை காட்டுகிறது.

மதுரை மாவட்டம், மேலூர் அருகே தும்பைப்பட்டியில் 1908 ஜூன் 18ஆம் தேதி பிறந்தார் கக்கன். ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். 1939இல் வைத்தியநாத ஐயருடன் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் அவரும் ஒருவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். 1952இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

1957 முதல் 1967 வரை பத்தாண்டுகள் தமிழக அமைச்சர். வைகை அணை 1959இல் திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை அவர் கையில் இருந்தது. 1963இல் உள்துறை அமைச்சரானார். மறு ஆண்டே லஞ்ச ஒழிப்புத் துறை தொடங்கப்பட்டது. கை நீட்டும் அதிகாரிகளைப் பிடிக்க வந்த துறை அது.

ஆனால் 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. உள்துறை அமைச்சர் என்ற முறையில் மக்களின் கோபம் அவர் மீதும் விழுந்தது. 1967 தேர்தலில் தோற்றார்.

பதவி போனதும் காரும் போனது. போலீஸ் துறையையே நிர்வகித்தவர் பஸ் நிறுத்தத்தில் மற்றவர்களோடு காத்து நின்றார். டிக்கெட் எடுத்து, கூட்டத்தோடு கூட்டமாகப் போய்வந்தார். பத்தாண்டுப் பதவியில் தமக்கென்று அவர் எதையும் சேர்த்து வைக்கவில்லை.

பின்னர் உடல்நலம் குன்றி மதுரை அரசு மருத்துவமனையின் சாதாரண வார்டில் படுத்திருந்தார். வேறொருவரைப் பார்க்க அங்கே வந்த முதல்வர் எம்.ஜி.ஆர். செய்தி கேட்டுப் பதறிப்போனார். தனி அறைக்கு மாற்ற முன்வந்தபோது கக்கன் வேண்டாம் என்றார். பிறகு அரசு அவருக்கு ஓய்வூதியமும் இலவச மருத்துவமும் இலவச பஸ் பயணமும் வழங்கியது.

1981 டிசம்பர் 23ஆம் தேதி சென்னையில் காலமானார். அடுத்த முறை பஸ்ஸில் ஏறும்போது, யாரும் பார்க்காவிட்டாலும் உரிய கட்டணத்தைச் செலுத்துவோம். கேட்கும் ஊழியரிடம் முகம் சுளிக்காமல் இருப்போம். கக்கனை நினைவுகூர அதுவே போதும்.